பயந்த பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கலாமா?



இந்த வாரம் நாம் சிந்திக்கப் போகும் கேள்வி முதற்பார்வைக்கு விளையாட்டாகத் தோன்றும். ஒரு பையன். பயந்த சுபாவம். எதற்கெடுத்தாலும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வரும். பந்து தன்னை நோக்கி வந்தால் கண்ணை மூடிக்கொள்வான். அவனைப் பார்த்து நான்கு பேர் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் குற்றம் உண்டா, இல்லையா? “பிள்ளைகள்தானே, சிரித்துவிட்டுப் போகட்டும், இதற்கொரு கட்டுரையா?” என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். தாராளமாகக் கேளுங்கள், கடைசிவரை வாசித்துவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை என்று தொழிற்பேட்டைகள் சூழ்ந்த நம் பகுதியில் குடும்பங்கள் கடிகாரத்தைப் பார்த்து வாழ்வதில்லை. ஷிப்டைப் பார்த்து வாழ்கின்றன. தகப்பனார் இரவு ஷிப்டு முடித்துப் பகலில் உறங்குகிறார். தாயார் வேறொரு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார். நடுவில் பிள்ளைக்குத் துணையாக இருப்பது டெலிவிஷன் பெட்டி, அல்லது தகப்பனாரின் பழைய கைப்பேசி. அதில் அடிக்கடி தெரியும் முகம் ஒன்று உண்டு: மூக்குக்கண்ணாடி போட்ட, அழுமூஞ்சிப் பையன் நோபிட்டா. ‘டோரேமான்’ என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடரில் வருகிறவன். ஒரகடத்தில் 2010-ல் தொடங்கிய ரெனோ-நிசான் கார்த் தொழிற்சாலையும், சுரங்க லாரிகள் செய்யும் கொமாட்சுவும் ஜப்பானைப் பெரியவர்களுக்கு அறிமுகப்படுத்தின. நம் பிள்ளைகளுக்கோ ஜப்பான் என்றால் நோபிட்டாவின் தெருதான். அவன் தமிழிலேயே அழுகிறான். ஆகையால் அவர்களுக்கு அவன் அந்நியனாகத் தெரிவதில்லை.

கதையை அறியாத பெரியவர்களுக்காக இரண்டு வார்த்தை. நோபிட்டா நான்காம் ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பையன். பரீட்சையில் பூஜ்யம் வாங்குவான். ஓட்டத்தில் கடைசி. பள்ளிக்குத் தாமதமாகப் போய் வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்படுவான். அவனோடு விளையாடுகிறவர்கள் மூன்று பேர். உடல் பருத்த, கை நீளுகிற ஜியான். பணக்கார வீட்டுப் பெருமைக்காரன் சுனியோ. நல்ல மனமுள்ள ஷிசுகா என்ற பெண்பிள்ளை. வருங்காலத்திலிருந்து வந்த டோரேமான் என்ற பூனை வடிவ இயந்திரம் தன் வயிற்றுப் பையிலிருந்து விந்தைப் பொருள்களை எடுத்துக் கொடுத்து அவனைக் காப்பாற்றும். அவன் அதைத் தவறாகப் பயன்படுத்தி மறுபடியும் மாட்டிக்கொள்வான். நமக்குச் சிரிப்பு வரும்.

இக்கதையின் மேல் பெரியவர்களுக்குக் கோபமும் உண்டு. 2016-ல் பாகிஸ்தானின் பஞ்சாப் சட்டசபையில் இதற்குத் தடை கோரித் தீர்மானமே கொடுத்தார்கள். பிள்ளைகள் இதைப் பார்த்துச் சோம்பேறிகள் ஆகிறார்கள் என்பது பொதுவான புகார். நோபிட்டா சோம்பேறி என்பதை நாமும் மறுக்கவில்லை. வீட்டுப் பாடத்தை விட்டுவிட்டுத் தூங்குகிறவனைப் புகழ வேண்டிய அவசியம் நமக்கில்லை. ஆனால் சோம்பல் வேறு, பயம் வேறு. சோம்பலைக் கண்டிக்கிற நாம், அதே மூச்சில் பயத்தையும் கண்டித்துவிடுகிறோம். அங்கேதான் கணக்குத் தவறுகிறது.

அந்தச் சிநேகிதர் கூட்டத்தை ஒருமுறை நின்று கவனியுங்கள். ஜியான் எல்லோரையும் அடிக்கிறான். தன் தாயாரின் குரல் கேட்டால் நடுங்குகிறான். சுனியோ பெருமை பேசுகிறான். ஜியானுக்குப் பயந்து அவனோடு ஒட்டிக்கொண்டு, நோபிட்டாவைப் பரிகாசம் செய்வதில் முதல் ஆளாக நிற்கிறான். எல்லாம் வல்ல அந்த டோரேமான்கூட எலியைக் கண்டால் அலறுகிறது; பூனை எலிக்குப் பயப்படுகிறது! அதன் காதுகளை எலி தின்றுவிட்டதாம். ஆக, பயமில்லாதவர் அந்தத் தெருவில் ஒருவருமில்லை. நோபிட்டாவுக்கு மட்டும் அதை மறைக்கத் தெரியவில்லை. ஒருவன் தன் பயத்தை முஷ்டியால் மூடுகிறான், ஒருவன் வாய்ப்பேச்சால் மூடுகிறான். மூடத் துணியில்லாதவனைப் பார்த்து இருவரும் சிரிக்கிறார்கள். உங்கள் பிள்ளையின் வகுப்பிலும், நமது தெரு முனையில் கிரிக்கெட் விளையாடும் கூட்டத்திலும் இதைவிட வேறாக நடக்கிறதா, சொல்லுங்கள்.

இக்கதையைப் படைத்தவர் ஹிரோஷி புஜிமோட்டோ. புஜிக்கோ எஃப். புஜியோ என்ற புனைபெயரால் உலகம் அறிந்தவர். 1933-ல் ஜப்பானின் தக்காவோக்கா நகரில் பிறந்து, 1996-ல் காலமானார். 1969-ம் ஆண்டின் கடைசி மாதத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்கான பத்திரிகைகளில் இக்கதை படக்கதையாகத் தொடங்கியது. விளையாட்டில் தோற்றுக்கொண்டே இருந்த நோபிட்டா வேறு யாருமல்ல, சிறுவயதில் தாம்தான் என்று அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நோபிட்டா விழும்போது நம்மைச் சிரிக்க வைப்பவர், தாமும் விழுந்தவர். தன்னைப் பார்த்துத் தானே சிரிப்பவனின் சிரிப்பில் முள் இல்லை. நாமும் அப்படத்தைப் பார்த்துச் சிரிக்கும்போது, “நானும் ஒருநாள் இப்படித்தானே நின்றேன்” என்ற ஞாபகம் உள்ளே எங்கோ அசைந்தால் அச்சிரிப்பில் யாதொரு குற்றமும் இல்லை.

அச்சிரிப்பு டெலிவிஷனைவிட்டு இறங்கித் தெருவுக்கு வரும்போது என்ன ஆகிறது? “டேய் நோபிட்டா!” என்று ஒரு பிள்ளைக்குப் பட்டப்பெயர் விழுகிறது. படத்தில் இருப்பவனுக்கு வலிக்காது, இவனுக்கு வலிக்கிறது.

இங்கே ஒரு பழைய அறிஞரைத் துணைக்கு அழைக்கலாம். அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய பெரிய நூலில் பரிகாசத்துக்கென்றே தனியாக ஒரு கேள்வியை ஒதுக்கியிருக்கிறார். திட்டுவது, புறங்கூறுவது, பரிகசிப்பது ஆகியவற்றை ஒன்றோடொன்று குழப்பாமல் பிரித்து, பரிகசிப்பவன் குறியாக வைப்பது மற்றவனின் வெட்கத்தை என்று காட்டுகிறார். அதற்குமேல் அவர் சொல்லும் விஷயம் நம்மைத் திடுக்கிட வைக்கும். ஒருவனுடைய குறை உண்மையிலேயே அற்பமானதாயிருந்து அதை விளையாட்டாகச் சொன்னால், அது சிறு பிழை. ஆனால் அந்த ஆளே அற்பம், அவனுக்கு வலித்தால் என்ன, அது ஒரு வேடிக்கைதானே என்ற எண்ணத்தோடு சிரித்தால் அது சாவான பாவமாகும். நேருக்கு நேர் திட்டுவதைவிடக் கொடியதாகும். காரணம் யாதெனில், திட்டுகிறவன் மற்றவனின் குறையை ஒரு பொருட்டாகவாவது எண்ணுகிறான். பரிகசிப்பவனோ அந்த மனிதனையே பொருட்டாக எண்ணவில்லை. இப்படி அற்பமாக எண்ணப்படுகிறவர்களுக்கு உதாரணம் தேடும்போது அவர் யாரைக் குறிப்பிடுகிறார் தெரியுமா? பிள்ளைகளையும், அறிவு மந்தமானவர்களையும். அவர்களுடைய கஷ்டத்தை நாம் எடை போடுவதே இல்லை என்கிறார்.

“பிள்ளைகள்தானே” என்று நாம் சொல்லுகிறோமே, அந்த வார்த்தையை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார் பாருங்கள்! நாம் மன்னிப்பாக எண்ணிச் சொல்லும் அதே வார்த்தையில்தான் குற்றத்தின் வேர் இருக்கிறது என்பது அவர் கணக்கு.

தோமாஸ் சிரிப்புக்கு விரோதி என்று எண்ணிவிட வேண்டாம். விளையாட்டும் வேடிக்கையும் மனதுக்கு இளைப்பாறுதல் என்றும், சிரிக்கவும் தெரியாமல் பிறர் சிரிப்பையும் கெடுக்கிறவனிடம் ஒரு குறை உண்டு என்றும் அதே நூலில் எழுதியிருக்கிறார். அவருக்கும் பட்டப்பெயர் ஒன்று இருந்தது. பெருத்த உடல், பேசாத வாய்; கொலோன் நகரில் அர்ச். பெரிய ஆல்பெர்ட்டிடம் படித்த காலத்தில் உடன் படித்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘ஊமை எருது’ என்று அவர் சரித்திரம் கூறுகிறது. பரிகாசத்தைப் பற்றி எழுதும்போது அவருக்கு அந்த வகுப்பறை ஞாபகம் வந்ததோ என்னவோ.

இனி, பயம் என்பதே ஒரு குற்றமா என்று பார்ப்போம். நம் வீடுகளில் ஆண்பிள்ளைகளுக்குச் சொல்லுகிற முதல் கண்டனம், “பயந்தாங்கொள்ளி” என்பது. பெண்பிள்ளை பயந்தால் அடக்கம் என்கிறோம். ஆண்பிள்ளை பயந்தால் அவமானம் என்கிறோம். இது எந்த நியாயமோ!

பயம் என்பது தானாக எழும் ஓர் உணர்ச்சி. பசியைப் போல. அது எழுந்ததற்காக ஒருவனைக் குற்றவாளியாக்க முடியாது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கேகன் என்ற அறிஞர் நான்கு மாதக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். புதிய பொம்மையையும் புதிய ஓசையையும் எதிரே வைத்தால், ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கைகாலை உதைத்து அழுகிறது. மற்றவை அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நான்கு மாதக் குழந்தையைக் கோழை என்று யாராவது சொல்வார்களா? தொட்டாற்சுருங்கி இலை சுருங்குவது அதன் சுபாவம். அப்படி அழுத குழந்தைகளில் பெரும்பாலோர் வளர்ந்த பின் அளவுகடந்த கூச்சத்திலேயே நின்றுவிடவில்லை என்பதும் அந்த ஆராய்ச்சியில் தெரிந்த விஷயம்.

பயம் குற்றமாவது, செய்ய வேண்டிய கடமையைப் பயத்தின் பேச்சைக் கேட்டு ஒருவன் கைவிடும்போதுதான். அதுதான் கோழைத்தனம். அதைச் செய்ய உரத்த குரலும் பருத்த உடலும் தடையல்ல. ஜியானோடு சேர்ந்துகொண்டு பலவீனனைப் பரிகசிக்கிற சுனியோ செய்வது என்ன? அடி தன்மேல் விழாமலிருக்க, அதைத் திருப்பி வேறொருவன்மேல் விழச் செய்கிறான். அழுகிற நோபிட்டாவைக் கோழை என்கிறோம். சிரிக்கிற சுனியோவைக் கெட்டிக்காரன் என்கிறோம்.

1974-ல் வந்த ஒரு கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். டோரேமான் வருங்காலத்துக்குத் திரும்பிப் போகவேண்டிய நிலை. நாளைக் காலை போயாக வேண்டும். போகிறவனுக்கோ, தான் இல்லாவிட்டால் நோபிட்டா என்ன ஆவானோ என்ற கவலை. அன்றிரவு நோபிட்டா தெருவில் ஜியானிடம் மாட்டிக்கொள்கிறான். மற்ற நாளாயிருந்தால் டோரேமானைக் கூவி அழைத்திருப்பான். அன்று அழைக்கவில்லை. அடி வாங்குகிறான், விழுகிறான், எழுந்து மறுபடியும் ஜியானைப் பிடித்துக்கொள்கிறான். மறுபடியும் அடி; மறுபடியும் பிடி. ஒரு அடி திருப்பிக் கொடுக்கும் பலம் அவனுக்கு வரவில்லை. ஆனால் விடவும் இல்லை. கடைசியில் அடித்தவனுக்கே அலுத்துப்போய், தோற்றேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். முகம் வீங்கிக் கிடந்த நோபிட்டா, தேடி வந்த டோரேமானிடம், நான் தனியாகவே சமாளித்துவிட்டேன், நீ கவலையின்றிப் போகலாம் என்ற பொருளில் பேசுகிறான். விடிந்தபோது அறை காலியாயிருக்கிறது.

இதை நாம் வெறும் பிள்ளைக் கதை என்று தள்ளிவிடலாமா? திடம் என்னும் புண்ணியத்தைப் பற்றி அர்ச். தோமாஸ் ஒரு கேள்வி எழுப்புகிறார்: எதிரியின் மேல் பாய்வது பெரிதா, தாங்கி நிற்பது பெரிதா? தாங்கி நிற்பதே திடத்தின் தலையாய செயல் என்பது அவர் முடிவு. பாய்கிறவன் தன்னைப் பலவானாக எண்ணிக்கொண்டு பாய்கிறான். தாங்குகிறவனோ தன்னிலும் பலவானுக்கு எதிரே நிற்கிறான். பாய்கிறவனுக்கு ஆபத்து இனிமேல் வரப்போவது. தாங்குகிறவனுக்கு அது இப்போதே மேலே விழுந்துகொண்டிருக்கிறது. பாய்ச்சல் ஒரு கணத்தில் முடிந்துவிடும். தாங்குவது நெடுநேரம் நீடிக்க வேண்டும். அந்த இரவில் அடித்த கை எவ்வளவு பருத்ததாயிருந்தால் என்ன? தோமாஸின் தராசில் திடசாலி யார் என்பதில் ஐயமில்லை.

அதைவிட முக்கியமானதாக எனக்குப் படுவது வேறொன்று. அவன் எதற்காகத் தாங்கினான்? தன் மானத்துக்காக அன்று. போகிற சிநேகிதன் கவலைப்படாமல் போகவேண்டுமே என்பதற்காக. எதிரே நிற்பவனின் துக்கம் தனக்குள் தைக்கிற சுபாவம் அவனுக்கு இல்லாதிருந்தால் அந்தத் திடமும் வந்திராது. எளிதில் அழுகிற மனமும், பிறருக்காக வலியைத் தாங்குகிற மனமும் ஒரே மனம்தான். 1981-ல் வந்த இன்னொரு கதையில் ஷிசுகாவின் தகப்பனார், கலியாணத்துக்கு முந்தைய இரவில் தயங்கி நிற்கிற தம் மகளைத் தேற்றுகிறார். மாப்பிள்ளை நோபிட்டாதான்! பிறர் சந்தோஷத்தைத் தன் சந்தோஷமாகவும் பிறர் துன்பத்தைத் தன் துன்பமாகவும் எண்ணுகிறவன் அவன், அதுவே மனிதனுக்கு வேண்டிய பெரிய குணம் என்று அவர் சொல்லும்போது, வரன் பார்க்கிற நம் தகப்பனார்களுக்கு ஒரு கேள்வி எழவேண்டும். எந்தக் கம்பெனி, பெர்மனென்டா கான்ட்ராக்டா, சம்பளம் எவ்வளவு என்று விசாரிக்கிறோம், இதை விசாரிக்கிறோமா?

பள்ளிக்கூடத்தில் பயந்த பிள்ளையைப் பரிகசித்தவன் வளர்ந்து எங்கே போகிறான்? நம் பகுதியில் பெரும்பாலும் கம்பெனிக்குப் போகிறான். பரிகாசமும் அவனோடு பஸ் ஏறிப் போகிறது.

பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் உங்கள் குடும்பத்தில் இருப்பார்கள். தகட்டை வளைக்கும் பிரஸ் இயந்திரங்களில், இரண்டு கையாலும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இறங்கும்படி அமைப்பது வழக்கம். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் ஒரு கையும் அச்சுக்குள் இருக்க முடியாது, விரல் தப்பும். கை உள்ளே வந்தால் இயந்திரத்தை நிறுத்துகிற சென்சாரும் உண்டு. ஆனால் டார்கெட் நெருக்கும்போது பொத்தானை ஒட்டி வைப்பதும், சென்சாரை மறைத்துவிடுவதும் உலகத்தில் நடவாத காரியமல்ல. அவ்வேளையில் ஒருவன், “எனக்குப் பயமாயிருக்கிறது, இப்படி ஓட்டமாட்டேன்” என்கிறான். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பில் கேட்ட அதே சிரிப்பு. அதற்குப் பயந்து அவனும் கையை உள்ளே விடுகிறான். இப்போது சொல்லுங்கள்: இயந்திரத்துக்குப் பயந்தது கோழைத்தனமா, சிரிப்புக்குப் பயந்தது கோழைத்தனமா?

பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமலிருப்பது அறிவீனம் என்பதை வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்திலேயே வைத்துவிட்டார். தோமாஸும் கோழைத்தனத்தைக் குறையென்று எழுதிய கையோடு, பயமே இல்லாமலிருப்பதையும் ஒரு குறை என்று தனியே எழுதினார். ஜப்பானியக் கார்த் தொழிற்சாலைகளில் இன்னொரு ஏற்பாடு உண்டு. வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும், ஏதோ சரியில்லை என்று மனதில் பட்டால் ஒரு கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம். சரிசெய்ய முடியாவிட்டால் முழு வரிசையும் நிற்கும். டொயோட்டா கம்பெனி இதைப் புகழ்பெறச் செய்தது. “ஏதோ சரியில்லை” என்று முதலில் மனதில் படுவது யாருக்கு? எதையும் பொருட்படுத்தாத ஜியானுக்கா? சின்ன ஓசைக்கும் திரும்பிப் பார்க்கிற நோபிட்டாவுக்கல்லவா! அவன் கயிற்றை இழுக்கும்போது பரிகாசம் கேட்குமானால், அடுத்த முறை இழுக்கமாட்டான். பல கோடி ரூபாயில் கட்டிய ஏற்பாடு ஒரு சிரிப்பில் பாழாகிவிடும்.

ஞானோபதேச வகுப்பில் இஸ்பிரித்துசாந்துவின் ஏழு வரங்களை மனப்பாடம் செய்த தாய்மார்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அந்தப் பட்டியலில் திடமும் இருக்கிறது, தெய்வபயமும் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே சண்டை இருப்பதாக ஒருவரும் நமக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

“அப்படியானால் பிள்ளையைப் பயந்தபடியே விட்டுவிடுவதா? உலகம் பொல்லாதது, நாலு வார்த்தை கடுமையாகச் சொன்னால்தானே தேறுவான்?” இந்தக் கேள்வி நியாயமானது. ஊரை விட்டு வந்து, வாடகை லைன் வீட்டில் இருந்துகொண்டு, வேலை நாளைக்கு இருக்குமோ என்று அஞ்சும் தகப்பன் இதைக் கேட்பதில் ஆச்சரியமில்லை. தன் பயத்தைத்தான் அவர் பிள்ளையிடம் பார்க்கிறார். அதனால்தான் அவ்வளவு கோபம் வருகிறது. வீட்டில் முதல் ஜியானாக இருப்பது பலசமயம் நாம்தான்.

அயோவா பல்கலைக்கழகத்தில் கிராஜினா கொச்சான்ஸ்கா என்ற அம்மையார் இதையே சோதித்து, 1997-ல் முடிவை வெளியிட்டார். யாரும் பார்க்காதபோதும் சரியானதைச் செய்கிற மனச்சாட்சி பிள்ளைகளுக்கு எப்படி உண்டாகிறது என்பது அவர் ஆராய்ந்த கேள்வி. பயந்த சுபாவமுள்ள பிள்ளைகளிடம் மென்மையான கண்டிப்பே மனச்சாட்சியை வளர்த்தது. காரணம் விளங்காததல்ல. அவனுக்கு உள்ளே ஏற்கெனவே மணி அடித்துக்கொண்டிருக்கிறது. நாமும் தாம்பாளத்தைத் தட்டினால் எந்த ஓசையும் காதில் விழாது. பயமறியாத பிள்ளைக்கு மென்மை மட்டும் போதவில்லை. தாயோடு உள்ள பாசமும் நெருக்கமும் அவனை வழிப்படுத்தின. இரண்டு பிள்ளைகளையும் ஒரே பிரம்பால் வளர்க்கலாம் என்ற நம் பழைய நம்பிக்கைக்கு இந்த ஆராய்ச்சியில் இடமே இல்லை.

நோபிட்டாவின் கதையில் அவனைப் பரிகசிக்காத ஒருத்தி உண்டு. அவன் பாட்டி. அவன் சிறுபிள்ளையாயிருந்தபோதே இறந்துபோனவள். 1970-ல் வந்த கதையொன்றில், அவன் கால இயந்திரத்தில் ஏறிப் பின்னோக்கிப் போய் அவளைப் பார்க்கிறான். அவன் வளர்ந்த பையன். அவளுக்குத் தெரிந்ததோ மூன்று வயதுப் பேரன். ஆனாலும், “நான்தான் நோபிட்டா” என்றதும் அவள் நம்பிவிடுகிறாள். சாட்சி கேட்கவில்லை. பரீட்சையில் எத்தனை மார்க்கு என்றும் கேட்கவில்லை. நம் குடும்பங்களில் பலருக்குப் பாட்டி இருப்பது விழுப்புரத்திலோ தூத்துக்குடியிலோ. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைக்கு இன்னும் தூரத்தில். நம் பள்ளிகளில் வகுப்பின் ஓரத்தில் வாய்திறவாமல் உட்கார்ந்திருக்கும் அப்படிப்பட்ட பிள்ளையை நாம் கூச்சக்காரன் என்கிறோம். அவன் ஊரில் அவன் எவ்வளவு பேசுகிறவனோ! தமிழில் சொல் கிடைக்காமல் நிற்கிறான். அவனைப் பார்த்து முதலில் சிரிப்பது நம் பிள்ளையாக இருந்தால், அது நம் வீட்டிலிருந்து கொண்டுபோன சிரிப்பா என்று பார்க்க வேண்டும்.

என்ன செய்யலாம் என்று கேட்கும் பெற்றோருக்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை. விருந்தாளி வந்தவுடன், “இவன் ரொம்பப் பயந்தவன்” என்று பிள்ளை கேட்கும்படி சொல்லி அறிமுகப்படுத்தும் வழக்கத்தை நிறுத்தலாம். அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அவன் அதைத் தன் பெயராகவே எடுத்துக்கொள்கிறான். பாட்டுப் போட்டியில் எல்லார் முன்பும் தள்ளிவிட்டு, குரல் நடுங்குவதைக் கண்டு வெட்கப்படுவதையும் நிறுத்தலாம். அவனுக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு காரியத்தைக் கொடுத்து, அதை அவனே முடிக்க விடவேண்டும். மூலைக் கடைக்குக் கால் கிலோ சர்க்கரை வாங்க அவனையும் அழைத்துக்கொண்டு போகிறீர்கள், கடைக்காரர், “என்ன தம்பி வேண்டும்?” என்கிறார், பிள்ளை விழிக்கிறான், உடனே நீங்களே பதில் சொல்லிவிடுகிறீர்கள். சொல்லாதீர்கள். அரை நிமிஷம் சும்மா நில்லுங்கள். பின்னால் நிற்பவருக்கு ஷிப்டு பஸ் பிடிக்கும் அவசரமாயிருந்தால், அவரை முதலில் வாங்கிக்கொண்டு போகச் சொல்லலாம். பிள்ளை வாயைத் திறக்கட்டும்.